நாலு மதிப்பெண் தூள்

நண்பர் ஒருவர் கிராப்ட் பீர் பிரியர். நிறம், நுரை, கசப்பு என்று ஒவ்வொரு குவளைக்கும் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போடுவார். கேமரன்மலைக்குப் போன வாரம் போனபோது, அதே வேலையை நான் தேநீரில் செய்து பார்த்தேன்.

1929-இல் ரஸ்ஸல் துரை தொடங்கிய போ, 1933-இல் வந்த பாரத் என இங்குள்ள பழைய தோட்டங்களில் நம்மவர் கை படாத செடி குறைவு. கடையில் மூன்று வகைத் தூள் வாங்கினேன். தானா ராத்தா அறையில் பரிசோதனை. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம், மூடி போட்டு. பால், சீனி கிடையாது. கரண்டியில் எடுத்து ‘சர்ர்’ என்று உறிஞ்ச வேண்டும். காற்று கலந்தால்தான் மணம் மூக்குக்கு ஏறும். (வானொலியில் இந்தச் சத்தம் போனால் என் வேலை போய்விடும்!)

பெரிய இலை: தேன் நிறம், பூ வாசம். 8.

நொறுங்கிய இலை: துவர்ப்பு நாக்கில் நிற்கிறது. 7.

டஸ்ட்: கறுப்பு, ஒரே கசப்பு. 4.

அம்மா எட்டிப் பார்த்தார். “உங்க பாட்டி முப்பது வருஷம் கொழுந்து கிள்ளுனாங்கடா. லயத்துல குடிச்சது இந்தத் தூளத்தான். நல்லதெல்லாம் பெட்டியில ஏறிப் போயிடும்.”

டின் பாலை ஊற்றி, நாலு ஆற்று ஆற்றி நீட்டினார். பெரிய இலையிலும் பால் ஊற்றிப் பார்த்தேன்; பூ வாசம் போன இடம் தெரியவில்லை. டஸ்ட் மட்டும் பாலைத் தாண்டி நின்றது.

4-ஐ அடித்துவிட்டு 9 போட்டேன். குறைத்த ஒன்று, அம்மா ஊற்றிய பாலுக்கு. இனிப்பு கொஞ்சம் அதிகம்.