கூடைக்காரிக்கும் தொழிலாளி என்றுதான் பெயர்

மும்பை லோக்கல் வண்டியின் லக்கேஜ் பெட்டியில் மீன் கூடையோடு ஏறும் கோளிப் பெண்களை நாம் அன்றாடம் பார்க்கிறோம். நாற்றம் என்று முகம் சுளிக்கும் நம்மவர்கள், மத்தியானம் அதே மீனைத்தான் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள்!

ஆண் கடலுக்குப் போகிறான், பெண் கூடமாட உதவுகிறாள் என்று பேசுவதும் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. படகு கரை சேர்ந்தால் பாதி வேலைதான் முடிகிறது. தரம் பிரிப்பது, உப்பிடுவது, காயவைப்பது, சுமப்பது, விற்பது, கடனை அடைப்பது எல்லாம் பெண்ணின் தலையில். வெர்சோவாவில் மூங்கில் கட்டிப் பொம்பில் காயப்போடுவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். குமரிக் கடற்கரையிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பாம்பன் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்களும் பெண்களே.

முன்பு புருஷன் பிடித்த மீன் மனைவி கைக்கு வந்தது. காசும் அவள் மடியில் இருந்தது. விசைப்படகு வந்தபின் மீன் துறைமுகத்தில் குவிகிறது. ஐஸும் லாரியும் முதலும் உள்ள வியாபாரி ஏலத்தில் முந்திக்கொள்கிறான். தன் ஊர் மீனையே அவள் வட்டிக்குக் கடன் வாங்கி எடுக்க வேண்டியிருக்கிறது. கையால் வலை பின்னிய பெண்களின் கூலியை இயந்திர நைலான் வலை கொண்டுபோயிற்று. படகுக்கும் எஞ்சினுக்கும் மானியம் கிடைத்தது. கூடைக்கு?

2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய ஒரு மூதாட்டியை நாற்றம் என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். சரி. ஆனால் அதே 2021-இல் கேரள அரசு திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் பெண்களுக்கென்றே இலவசப் பேருந்து விட்டது. தண்டனையைவிட அந்த வண்டிதான் அவர்களுக்குப் பயன்படும் என்பது எங்கள் கட்சி.

மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் அவள் அடுப்பும்தானே அணைகிறது? நிவாரணப் பட்டியலில் அவள் பெயரும் இருக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். அந்த இடங்களில் மீன்காரப் பெண்களும் உட்கார வேண்டும்.

லக்கேஜ் பெட்டியில் கூடை வைக்க இடமும், நிலையத்தில் தண்ணீரும் கழிப்பறையும் கேட்டு, அடுத்த சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறோம். ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரம் சூடாக நடக்கும் நாள். அதனால் கூட்டத்தைத் திங்கள் பிற்பகலுக்கு மாற்றியிருக்கிறோம். தாய்மார்கள் அவசியம் வர வேண்டும். பிள்ளைகளை அன்று ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும்.