ஓய்வு நாளில் ஓயாத அடுப்பு

உழைப்பைத் திருச்சபை ஒருபோதும் இழிவாகக் கருதியதில்லை. நம் ஆண்டவர் நாசரேத்தூரில் தச்சுத் தொழில் செய்தார். புனித பவுல் கொரிந்து நகரில் கூடாரம் செய்து தம் உணவைத் தாமே தேடிக்கொண்டார். 1955ஆம் ஆண்டில் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், மே மாதத்தின் முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். இவற்றையெல்லாம் மறையுரைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆதலின் இம்மாதம் உழைப்பைப் பற்றி மிகுதியாகப் பேசப் போவதில்லை. உழைப்பவருக்கு இறைவன் கொடுத்த ஓய்வு நம் இல்லங்களில் யாரை எட்டுகிறது, யாரை எட்டாமலே நின்றுவிடுகிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

ஓய்வு நாள் பற்றிய கட்டளை திருநூலில் இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம், இறைவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்ததைக் காரணமாகக் கூறுகிறது. உபாகமம் 5ஆம் அதிகாரம் வேறொரு காரணத்தைத் தருகிறது: எகிப்தில் அடிமையாய் இருந்ததை இஸ்ராயேல் மறக்கலாகாது, ஆகவே தன்னைப் போலவே தன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற விட வேண்டும். செங்கல் அறுத்துக் களைத்த மக்களுக்குப் பாரவோன் ஒரு நாளும் விடுப்பு அளித்ததில்லை. பிறர் உழைப்பில் தான் மட்டும் ஓய்ந்திருப்பவன் எந்தப் பக்கம் போய் நிற்கிறான் என்பதை உபாகமம் சொல்லாமற் சொல்கிறது.

அக்கட்டளையில் ஒரு பட்டியல் உண்டு. நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, உன் ஊரில் தங்கும் அந்நியன் என்று அது போகிறது. உபாகமம் எருதையும் கழுதையையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. ஆனால் மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! கணவனும் மனைவியும் ஒருடல் ஆதலால் ‘நீ’ என்ற சொல்லிலேயே அவளும் அடங்கிவிடுகிறாள் என்று அறிஞர் சிலர் விளக்கம் தருகின்றனர். அவ்விளக்கம் நமக்கு ஏற்புடையதே. எனினும் நம் இல்லங்கள் பலவற்றின் நடைமுறையைக் காணும்போது, எருதுக்குக் கிடைத்த இடம் இல்லத்தரசிக்குக் கிடைக்கவில்லையே என்று எண்ணத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நம் வீடுகளில் நிகழ்வது என்ன? காலைத் திருப்பலிக்குக் குழந்தைகளைக் குளிப்பாட்டி, உடை உடுத்தி, தலை வாரி அழைத்துச் செல்பவள் தாய். திரும்பி வந்ததும் தந்தை செய்தித்தாளை விரிக்கிறார். பிள்ளைகள் விளையாடப் போகின்றனர். தாய் அடுக்களைக்குள் நுழைகிறாள். மற்ற நாட்களில் சோறும் குழம்பும் போதும். ஞாயிறன்று கறி வேண்டும்; அதற்கு மசாலை அரைக்க வேண்டும்; உறவினர் இருவர் வந்தால் இன்னும் இரு வகை கூட வேண்டும். உண்டவர்கள் உறங்கச் செல்ல, அவள் பாத்திரங்களோடு அமர்கிறாள். வாரத்தில் அவளுக்கு மிகக் கடினமான நாள் எதுவெனக் கேட்டால், ஆண்டவருடைய நாளையே அவள் சொல்லக்கூடும். வெளியே வேலைக்குச் செல்லும் பெண்ணாயின், ஆறு நாட்களாகச் சேர்ந்த துணிகளும் அன்றே அவளுக்காகக் காத்திருக்கும்.

இது வெறும் மனக்குறை என்று ஒதுக்கத்தக்கதன்று. இந்திய அரசு 2019ஆம் ஆண்டில் மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று ஆய்ந்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் நூற்றுக்கு 81 பேர் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டிருந்தனர். ஆண்களில் நூற்றுக்கு 26 பேரே. அவ்வாறு ஈடுபட்ட பெண் ஒருத்தி நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண் 97 நிமிடங்களும் அதில் செலவிட்டனர். ஏறத்தாழ ஐந்து மணி நேரம்!

வார விடுமுறை எவருக்கும் எளிதில் வந்துவிடவில்லை என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். பம்பாய் நூற்பாலைகளில் தொழிலாளர் வாரம் முழுதும் உழைத்த காலத்தில், நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் ஞாயிறு விடுமுறை கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். 1890ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் அதற்கு இணங்கினர். அடுத்த ஆண்டு, 1891இல், திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடலில், ஞாயிறு ஓய்வு வேலைக்காரரின் உரிமை என்றும், அது வழிபாட்டோடு இணைந்த ஓய்வாக இருத்தல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். ஆலைக்குக் கதவு உண்டு. அதைப் பூட்டினால் வேலை நின்றது. அடுக்களைக்கு அப்படிப் பூட்டுவோர் எவரும் இல்லை.

முன்னாளில் மோயீசன் சட்டம் அதையும் பூட்டத்தான் செய்தது. ஓய்வு நாளில் வீடுகளில் தீ மூட்டக் கூடாதென்று யாத்திராகமம் 35ஆம் அதிகாரம் விதிக்கிறது. மன்னா பொழிந்த காலத்திலும் ஆறாம் நாளில் இரு மடங்கு சேர்த்து, சுட வேண்டியதைச் சுட்டு, வேகவைக்க வேண்டியதை அன்றே வேகவைக்கச் சொல்லப்பட்டது. இன்றும் அச்சட்டத்தைக் கடைப்பிடிக்கும் யூத இல்லங்களில் வெள்ளி மாலை கதிரவன் மறையுமுன் சமையல் முடிந்துவிடுகிறது. கிறிஸ்தவர்களாகிய நம்மை அவ்விதி கட்டுப்படுத்தாது. நம் பழைய ஒழுக்கவியல் நூல்கள் ஞாயிறன்று விலக்க வேண்டிய வேலைகளை எண்ணியபோது, சமையலை அவசியம் கருதி அனுமதித்தன. அனுமதி என்பது அனுமதியே. அது எப்போது ஒருத்தியின் தலைமேல் மட்டும் கடமையாய் ஏறியது என்று தெரியவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் (பிரிவு 1247) வழிபாடு, ஆண்டவருடைய நாளுக்குரிய மகிழ்ச்சி, உள்ளத்துக்கும் உடலுக்கும் வேண்டிய ஓய்வு ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து, இவற்றுக்குத் தடையான வேலைகளை விலக்கச் சொல்கிறது. இல்லத்தரசிகளுக்கென்று அதில் விதிவிலக்கு எழுதப்படவில்லை. ஓய்வு போனால் வழிபாடும் குன்றுகிறது. நற்கருணை உட்கொண்டபின் வரும் அந்தச் சிறு அமைதியில், கறி வாங்க ஆள் போயிற்றா என்ற கவலை புகுந்துவிட்டால் அவள் எவ்வாறு செபிப்பாள்?

மார்த்தாளைப் பற்றிய மறையுரைகள் சில, சமைக்கும் பெண்களைக் கடிந்துகொள்வதாகவே முடிகின்றன. அவள் பரபரப்பை ஆண்டவர் சுட்டிக்காட்டினார், உண்மை. ஆனால் அன்று வந்தவர்களுக்குப் பசிக்காமலா இருந்திருக்கும்? மரியாளைப் போல் அமர வேண்டுமென்று தாய்க்கு அறிவுரை கூறுவோர், அவள் அமரும் நேரத்தில் கரண்டியை யார் பிடிப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருநூலில் அதற்கு விடை உண்டு. சாக விரும்பிச் செடியடியில் படுத்த எலியாவை இறைதூதர் உபதேசித்து எழுப்பவில்லை. தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் தந்து, மீண்டும் உறங்கவிட்டார். இரவெல்லாம் வலை வீசி வந்த சீடர்களுக்காகத் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தம் செய்திருந்தவர், உயிர்த்த ஆண்டவரே. களைத்தவருக்குச் சமைப்பது ஆண்மகனுக்குத் தாழ்வு என்போர் யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

நம் கடற்கரைப் பங்குகள் பலவற்றில் ஞாயிறன்று மீன்பிடிக்கக் கடலுக்குச் செல்வதில்லை என்பது நெடுங்கால வழக்கம். ஒரு நாள் வருவாயை இழந்தும் அதைக் காக்கின்றனர், பாராட்டுக்குரியது. மீன் வராததால் தலைச்சுமையாய் விற்கும் பெண்களின் கூடைக்கும் அன்று ஓய்வு. கடலும் கூடையும் ஓய்கின்ற அந்நாளில் அவர்கள் வீட்டு அடுப்பு மட்டும் ஏன் இரட்டிப்பாக எரிய வேண்டும்? நகரத்துக் குடும்பங்களிலோ, ஞாயிறன்று வேலை அதிகம் என்று வீட்டு வேலைக்காரப் பெண்ணைத் தவறாமல் வரச் சொல்கின்றனர். அவள் பெயரேனும் கட்டளையின் பட்டியலில் வெளிப்படையாகவே இருக்கிறது. அவள் கிறிஸ்தவளாக இருக்க வேண்டுமென்றும் அங்கே விதி இல்லை. மாதர் கூட்டம், மறைக்கல்வி வகுப்பு, ஆலயத்தைத் துப்புரவு செய்தல் என்று அனைத்தையும் ஞாயிறன்றே வைக்கும் பங்குத்தந்தையரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம், பொறுத்தருள்க.

செய்யத்தக்கது பெரிதொன்றுமில்லை. சனி மாலையே மாவு அரைத்து, காய் நறுக்கி வைக்கலாம். முதல் நாள் வைத்த மீன் குழம்பு மறுநாள் இன்னும் சுவைக்கும் என்பதை நாம் அறியாதவர்களா? கறி ஆக்கியே தீர வேண்டுமாயின், உரிக்கவும் கழுவவும் பத்து வயதுப் பிள்ளைக்கும் கை உண்டு. ஆண் பிள்ளைக்கும் உண்டு. பாத்திரம் துலக்குவதைத் தந்தை தம் பங்காக ஏற்கட்டும். பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும்.

தாய்மாருக்கும் ஒன்று கூற வேண்டியிருக்கிறது. அடுக்களைக்குள் வேறெவரும் கால் வைக்கலாகாது, அவர்கள் வைத்தால் பொருள் இடம் மாறிவிடும் என்று வாயிலில் நின்று தடுப்பவர்களும் உங்களுள் உண்டு. விட்டுவிடுங்கள். முதற் சில ஞாயிறுகளில் சோறு குழையும், உப்புக் கூடும், கடுகு கரியும். வீட்டார் அனைவரும் அதை வாய் பேசாமல் உண்பார்களாக.