கடல்காற்று வராத நாள் நெருப்பு நாள்! எச்சரிக்கை கேட்போம், திரண்டு வாரீர்!



2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை ஏறியது. முன்கூட்டியே சொன்னார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கலர் வைத்துச் சொன்னார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனா நவரை அறுத்து வைக்கோல் போர் போட்ட பிறகு, சித்திரை வைகாசியில் நெருப்பு வரும் நாளைச் சொல்ல நாதி உண்டா?

எங்க தெருவில் ஒரு போர் பத்திக்கிட்டப்போ நானும் குடம் தூக்கி ஓடினவன். தீயணைப்பு வண்டி வந்தப்போ சாம்பல்தான் மிச்சம். மாட்டுக்கு வைத்திருந்த தீனி அத்தனையும் போச்சு. "உன் அஜாக்கிரதை" என்று சொல்லிட்டுப் போனார்கள். அஜாக்கிரதை மட்டுமா? காற்றுக்குப் பங்கு இல்லையா?

கேளுங்க. காலையில் தரை சுடும், சூடான காற்று மேலே ஏறும், அந்த இடத்துக்குக் கடல்காற்று ஈரத்தோட உள்ளே வரும். செய்யூர், திருக்கழுக்குன்றம் பக்கம் மதியம் நம்மைக் காப்பாத்துறது அதுதான். மேல்காற்று பலமா அடிச்சா கடல்காற்று கரையிலேயே நின்னுடும். வைக்கோல் முறுகும், சவுக்குத் தோப்பில் சருகு காயும். ஒரு பீடித் துண்டு போதும். தரை கொதிச்சு எழும்புற சுழிக்காற்றை நாம பேய்க்காற்று என்கிறோம். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஆனா பொறியை அடுத்த போருக்குத் தூக்கிட்டுப் போக அது போதும்.

இன்னொரு வேடிக்கை. 2019இல் ஃபானி புயல் வட தமிழகம் வரும் என்று முதலில் சொன்னார்கள். அது மே 3 அன்று ஒடிசாவில் பூரி பக்கம் கரை ஏறியது. நமக்கு மழை இல்லை, வெயில்தான். ஏன்? புயல் இடஞ்சுழியாச் சுத்தும். அது வடக்கே போனால் நம்ம பக்கம் தரைக்காற்றை இழுக்கும், ஈரத்தையும் வாரிக்கிட்டுப் போகும். கடலில் புயல், கரையில் நெருப்பு!

சர்க்கார் கணக்கைப் பாருங்க. கடலோரத்தில் வெப்ப அலை என்று சொல்ல வெயில் 37 டிகிரியாவது இருக்கணும், வழக்கத்தை விட 4.5 டிகிரி கூடவும் இருக்கணும். மே மாதம் நம்ம பக்கம் வழக்கமே 37, 38. அப்போ 41 அடிச்சாலும் அது வெப்ப அலை ஆகாது! காற்றின் வேகமும் வறட்சியும் அந்தக் கணக்கில் கிடையாது. ஆஸ்திரேலியாவில் வெயில், காற்று, ஈரப்பதம், புல்லின் காய்ச்சல் எல்லாம் சேர்த்து நாலு படியாகத் தீ ஆபத்தை அறிவிக்கிறார்கள். அங்கே புல்லுக்கு இருக்கிற மரியாதை இங்கே நம்ம வைக்கோலுக்கு இல்லையா?

வானிலை ஆட்களைக் குறை சொல்ல வரவில்லை. கேட்காமல் எதுவும் கிடைக்காது என்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்:

1. வெயில், மேல்காற்று, வறட்சி மூன்றையும் சேர்த்து, பங்குனி முதல் ஆனி வரை வட்டாரவாரியாகத் தீ எச்சரிக்கை கொடு!
2. அதைப் போனோடு விடாமல் ஊராட்சி மைக்கில் சொல்!
3. அந்த நாட்களில் தீயணைப்பு வண்டியைக் கிராமங்களுக்குப் பக்கத்தில் நிறுத்து!
4. பேரிடர் நிவாரணப் பட்டியலில் தீயும் இருக்கிறது. எரிந்த வைக்கோல் போருக்கும் நிவாரணம் கொடு!

அதுவரை நம்ம கையில் உள்ளது: மதியம் ஒரு மணி ஆகியும் கடல்காற்று வரவில்லையா? அன்றைக்கு வரப்பில் தீ வைக்காதீங்க, அடுப்புச் சாம்பலை வெளியே கொட்டாதீங்க. போருக்குப் போர் இடைவெளி விடுங்க. தீ கண்டால் உடனே 101க்குப் போன் போடுங்க.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது மனுவோடு வாங்க. ஒருத்தர் கேட்டால் புலம்பல், ஊரே கேட்டால் கோரிக்கை!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்