விட்ட கை யாருடையது?

பெற்றோரும் உற்றோரும் இன்றித் தெருவில் வாழும் பிள்ளையை ‘அநாதை’ என்னும் வடசொல்லால் சுட்டுவது இன்றும் பலரிடை வழக்காக உள்ளது. காப்போன் இல்லாதவன் என்பதே அச்சொல்லின் பொருள். தமிழோ ‘கைவிடப்பட்ட பிள்ளை’ என்கின்றது. வடசொல் பிள்ளையின் நிலையை மட்டும் கூறி நின்றுவிட, தமிழ்ச்சொல் விட்ட கை ஒன்று உண்டென்பதையும் உடன்சேர்த்துச் சொல்லிவிடுகின்றது. அந்தக் கை யாருடையது என்று கேளாமல் தெருச் சிறாரை மீட்பது பற்றிப் பேசுவார் பேச்சு அரைப்பேச்சே ஆகும்.

சேலம் தொடர்வண்டிச் சந்திப்பு, சென்னை, கோவை, பெங்களூர், முதுகுன்றம் (விருத்தாசலம்), கரூர் என ஐந்து திசைப் பாதைகள் கூடுமிடம். நகரின் புதிய பேருந்து நிலையத்திலும் இரவு முழுதும் வண்டிகள் ஓய்வதில்லை. வண்டி ஓயாத இடத்தில் விளக்கு அணைவதில்லை. விளக்கு எரியும் இடத்தில் அச்சம் குறைவு. உண்டிச்சாலை ஓரத்தில் மிஞ்சிய சோறேனும் கிடைக்கும். வீட்டைவிட்டு ஓடிவரும் சிறுவன் இத்தகைய இடத்தைத் தேர்ந்துகொள்வது அறியாமையால் அன்று. தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த அறிவினாலேயே அங்கு வருகின்றான். அவனைத் திருடன் என்றும் சோம்பேறி என்றும் எள்ளுவோர், அவ்வகவையில் தாம் ஓர் இரவையேனும் அவ்வாறு தனித்துக் கழித்திருக்க இயலுமா என எண்ணிப் பார்ப்பது நன்று.

சட்டம் அவனைக் குற்றவாளியாகக் கருதவில்லை. சிறார்க்கெனத் தனிச்சட்டம் வேண்டும் என்பதை உணர்ந்து 1920-இலேயே அதனை இயற்றியது சென்னை மாகாணம். பின்னர் இந்தியா முழுமைக்குமாக 1986-இலும், 2000-இலும், இறுதியாக 2015-இலும் சட்டங்கள் வந்தன. வீடின்றித் தெருவில் வாழும் பிள்ளையும், இரந்துண்ணும் பிள்ளையும், சட்டத்திற்குப் புறம்பாக வேலையில் அமர்த்தப்பட்ட பிள்ளையும் காப்பிற்குரியோர் என்கின்றது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். அத்தகையோரை 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட அக்குழு, பிள்ளையின் வீட்டு நிலையை உசாவியறிந்து, நான்கு திங்களுக்குள் முடிவு செய்தல் வேண்டும். காப்பகத்தில் அடைப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும். எழுத்தளவில் இவற்றில் பெருங்குறை காண்பதற்கில்லை.

குறை, எழுத்து முடிந்து நடப்பு தொடங்கும் இடத்தில் உள்ளது. பிடித்தல் ஓர் இரவு வேலை; மீட்டல் பல்லாண்டுப் பணி. ‘பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டான்’ என்னும் ஒரு வரியோடு கோப்பு மூடப்படுமாயின், எந்த வீட்டிலிருந்து ஓடிவந்தானோ அந்த வீட்டிற்கே அவன் திருப்பி விடப்பட்டான் என்பதே அதன் பொருள். அவ்வீட்டில் என்ன இருக்கின்றது?

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறியை நம்பி வாழும் குடும்பங்களைப் பார்த்தல் வேண்டும். திருமணத்திற்கென்றோ மருத்துவத்திற்கென்றோ தறி உரிமையாளரிடம் முன்பணம் பெறுவது அங்கு நெடுநாள் வழக்கம். அம்முன்பணம் எளிதில் கழிவதில்லை. வேறிடத்தில் வேலைக்குப் போக வேண்டுமாயின் தொகை முழுதும் ஒருசேரத் திருப்புதல் வேண்டும். ஆகவே, புதிய முதலாளி பழையவர்க்குக் கடனை அடைத்துக் குடும்பத்தையே தம்பால் பெயர்த்துக்கொள்கின்றார். மாடு கைமாறுவதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்துவிட்டது. முன்பணம் என்னும் மென்மையான பெயரைப் பூண்டுகொண்டு அம்முறை சட்டத்தின் கண்ணெதிரிலேயே நடமாடுகின்றது. தந்தை தறியில் நிற்க, தாய் உடன்நிற்க, தார் சுற்றும் வேலை பிள்ளையின் கைக்கு வருகின்றது. சேலத்தின் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு செய்யும் வீடுகளிலும் சின்னஞ்சிறு வளையங்களைக் கோப்பதற்குச் சின்னஞ்சிறு விரல்களே தேடப்பட்டன. அடியும் தூக்கமின்மையும் பொறாத பிள்ளை ஒருநாள் வண்டி ஏறுகின்றான்.

குழந்தைத் தொழில் பற்றிய சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, 14 அகவைக்கு உட்பட்ட எவரையும் எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றது. நன்று! ஆனால், பள்ளி முடிந்த பின்னரும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என ஒரு கதவையும் உடனே திறந்து வைத்தது. அட்டவணையிட்ட இடர்மிகு தொழில்களுக்கு அவ்விலக்குப் பொருந்தாது என்பது மெய்யே. ஆயினும், வீடும் பட்டறையும் ஒரே கூரையின்கீழ் உள்ள ஊரில், பெற்றோர்க்கு உதவுவது எது, முதலாளிக்குக் கூலியின்றி உழைப்பது எது என்று எந்த ஆய்வாளர் வந்து பிரித்துக் காட்டுவார்? விட்ட கை தாயின் கை போலத் தோன்றும். அக்கையை முன்பணத்தால் கட்டிப்போட்ட கை வேறு; அதனைப் பார்த்தும் பாராதிருந்த கை வேறு.

சேலத்தில் இறங்குவோர் தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமல்லர். பீகார், ஒடிசா, சார்க்கண்டு முதலான பகுதிகளினின்று வேலை தேடி வருவோருடன் வந்து தனிப்பட்டுப் போகும் சிறுவரும் உளர். இவ்விடத்தில் தமிழுணர்வாளருள் சிலர் முகம் சுளிக்கலாம். வேற்றவர் குடியேற்றத்தை எதிர்ப்பது வேறு. பன்னிரண்டு அகவைப் பையன்மேல் அவ்வெதிர்ப்பை ஏற்றுவது வேறு. அவன் இந்தியைத் திணிக்க வந்தவன் அல்லன். அவன் தாய்மொழி மைதிலியாக இருக்கலாம், சந்தாலியாக இருக்கலாம், அவையும் இந்தியின் நிழலில் ஒடுங்கிக் கிடந்த மொழிகளே. அவனைத் தமிழில் கேட்டு, அவன் விழிக்க, பின்னர் இந்தியில் கேட்டு, அவன் தலையசைத்ததையே விடையாகக் குறித்துக்கொள்வது உசாவல் ஆகுமா? தாய்மொழி உரிமையை மேடைதோறும் முழங்குவோர் முதலில் கேட்க வேண்டியது, அப்பையனுக்கு அவன் மொழி அறிந்த ஒருவர் வேண்டும் என்பதே. உசிலம்பட்டிப் பகுதியினின்று முறுக்குச் சுடும் தொழிலுக்கென வடநாடு கொண்டுசெல்லப்பட்ட தமிழ்ச் சிறுவர்க்கும் இதே நிலைதான் நேர்ந்தது. அங்கு ஒரு தமிழ்க்குரல் கேட்காதா என்று ஏங்கியவன் நம் பிள்ளையெனில், இங்கு ஏங்குபவன் யாருடைய பிள்ளை?

மீட்பு என்னும் பெயரால் வேரறுத்ததும் உலகில் நடந்துள்ளது. இங்கிலாந்தின் தெருக்களிலும் ஏழைக் குடில்களிலும் இருந்து 1869 முதலாக ஓரிலக்கத்திற்கும் மேற்பட்ட சிறார், நல்வாழ்வு தருவதாகச் சொல்லிக் கப்பலேற்றிக் கனடாவிற்கு அனுப்பப்பட்டனர். பண்ணைகளில் கூலிகளாயினர், உடன்பிறந்தாரை இழந்தனர். பிரித்தானிய அரசு 2010-இல் அதற்கு மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பைக் கேட்பதற்கு அவருட் பலர் உயிரோடில்லை.

நல்வழி காட்டியோரும் உளர். இத்தாலியின் தூரின் நகரில், கட்டட வேலைக்கென நாட்டுப்புறத்தினின்று வந்து தெருவில் திரிந்த சிறுவர்களை 1841 முதல் ஒன்றுதிரட்டியவர் சான் போசுகோ என்னும் இளந்துறவி. அவர் வழியினர் நடத்தும் அன்பு இல்லம் சேலத்திலும் தெருச் சிறாரிடையே பணியாற்றி வந்துள்ளது. அவர்தம் மதம் பற்றி ஆயிரம் சொல்லலாம். ஆனால் இரவில் நடைமேடைக்குச் சென்று பிள்ளையின் அருகே அமர்ந்தவர் அவர். ‘ஓட்டல்’ என்றிருந்த பலகையை ‘உண்டிச்சாலை’ என மாற்றச் செய்த தமிழ் மன்றத்தார், அப்பலகையின்கீழ்ப் படுத்திருந்தவனை எழுப்பிப் பெயர் கேட்டனரா?

செய்வதற்கு நிரம்ப உண்டு. ஒன்றிய அரசு 2022-இல் விரிவுபடுத்திய திட்டத்தின்படி, வறிய குடும்பத்தில் வளரும் காப்பிற்குரிய பிள்ளைக்குத் திங்கள்தோறும் 4,000 உருபா பெற இடமுண்டு. திட்டத்திற்கு ‘வாத்சல்யா’ என்று வடமொழிப் பெயர். பெயரைக் கண்டிப்பது ஒரு பணி; அது யாது என்பதைப் பள்ளிபாளையத்துத் தாய்க்குத் தமிழில் விளக்கி, விண்ணப்பம் எழுதித் தருவது அதனினும் முந்திய பணி. சேலம், நாமக்கல் இரு மாவட்டங்களிலும் பிறமொழி அறிந்தோர் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் திரட்டிக் குழந்தைகள் நலக் குழுவின் கையில் கொடுத்தல் வேண்டும்.

பிறகு, படிப்பு. கல்வியுரிமைச் சட்டம் (2009), பள்ளியையே காணாத பிள்ளையையும் அவன் அகவைக்குரிய வகுப்பிலேயே சேர்த்துத் தனிப்பயிற்சி தரச் சொல்கின்றது. பன்னிரண்டு அகவையில் ‘அ’ எழுதத் தெரியாமல் ஏழாம் வகுப்பில் அமர்வோனுக்குள்ள வெட்கமே அவனை மீண்டும் தொடர்வண்டி நிலையத்திற்குத் துரத்தும். அவ்வெட்கம் தீரும் வரை நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் உடனிருந்து எழுத்தறிவிப்போர் தேவை. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் இவ்வியக்கத்தில் ஊர்தோறும் உளர். அவர்தம் மாலைகள் பெரும்பாலும் ஒழிந்தே உள்ளன.