ஒண்ணு, டூ, மூரு... குழந்தைக்கு எந்த மொழியில் எண்ணக் கற்றுக்கொடுப்பது?

பெங்களூருவில் ஒரு வீடு. அம்மாவுக்குத் தமிழ், அப்பாவுக்குக் கன்னடம், ப்ளே ஸ்கூலில் இங்கிலீஷ். இரண்டரை வயசுக் குழந்தை மாடிப்படி ஏறும்போது "ஒண்ணு, டூ, மூரு" என்று எண்ணுகிறது. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். அம்மாவுக்கு மட்டும் கவலை. 'குழந்தை குழம்புதோ? பேசாம இங்கிலீஷ் மட்டும் போதுமா?'

இப்போது பல வீடுகளில் எழும் கேள்வி இது. பெரும்பாலும் கடைசியில் கைவிடப்படுவது வீட்டு மொழிதான். அதற்கு அவசியமே இல்லை.

பத்து வரை சொன்னால் எண்ணத் தெரியுமா?

'ஒன், டூ, த்ரீ' என்று பத்து வரை கடகடவெனச் சொல்லும் குழந்தையிடம், "மூணு பிஸ்கட் எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். அதுவரை அந்த எண்கள் அதற்கு ஒரு பாட்டு மாதிரிதான்.

குழந்தை உளவியல் ஆய்வுகளிலும் இதே மாதிரி சோதனைதான் நடக்கிறது. முதலில் 'ஒன்று' புரிகிறது. சில மாதங்கள் கழித்து 'இரண்டு', அப்புறம் 'மூன்று'. கடைசியாகச் சொல்லும் எண்தான் மொத்தம் என்பது பொதுவாக மூன்றரை, நாலு வயசு வாக்கில்தான் பிடிபடுகிறது. ஒரே மொழி பேசும் வீட்டிலும் இதே கதைதான்.

ரெண்டு மொழி என்றால் ரெண்டு மடங்கு வேலையா?

பாதி ஆமாம், பாதி இல்லை. இருமொழிக் குழந்தைகளைப் பற்றி டேவிட் பார்னர் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. 'டூ' புரிந்துவிட்டதால் இன்னொரு மொழியின் 'ரெண்டு' தானாகப் புரிந்துவிடாது. சின்ன எண்களின் பொருளை ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாகக் கற்க வேண்டும். ஆனால், எண்ணுவதன் சூட்சுமம் ஒரு மொழியில் பிடிபட்டால், அது அடுத்த மொழிக்கும் கைகொடுக்கிறது.

அதாவது, கணக்கு ஒருமுறை புரிந்தால் போதும். சொற்களைத்தான் அந்தந்த மொழியில் யாராவது சொல்லித் தர வேண்டும். இங்கிலீஷ் சொற்களை ஸ்கூல் பார்த்துக்கொள்ளும். தமிழ்ச் சொற்களை வீடு தராவிட்டால், வெளியூரில் வளரும் குழந்தைக்கு வேறு யார் தருவார்கள்? தாத்தா "நாப்பத்தேழு ரூபா" என்றால் "அப்படின்னா எவ்ளோ?" என்று பேரன் கேட்பது இப்போது சென்னையிலேயே சகஜம்.

தமிழ் எண்களில் என்ன லாபம்?

பதினொன்று என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் ஒன்றும் இருக்கின்றன. இருபது என்றால் இரு பத்து. 'லெவன்', 'ட்வெல்வ்' இரண்டிலும் பத்து கண்ணில் படுவதில்லை. இந்தியில் 29 என்பது 'உன்தீஸ்'. முப்பதுக்கு ஒன்று குறைவு என்று பொருள். நூறு வரை பெரும்பாலும் மனப்பாடம்தான். தமிழில் பன்னிரண்டும் தொண்ணூறும்தான் கொஞ்சம் படுத்தும்.

சீன மொழியிலும் 11 என்றால் 'பத்து ஒன்று'. கெவின் மில்லர் குழுவின் 1995 ஆய்வில், பத்து வரை சீன, அமெரிக்கக் குழந்தைகளிடையே பெரிய வித்தியாசம் இல்லை. பத்தைத் தாண்டியதும் அமெரிக்கக் குழந்தைகள்தான் அதிகம் தடுமாறினார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* அம்மா தமிழில், அப்பா கன்னடத்தில் என அவரவர் மொழியில் எண்ணலாம். ஆரம்பித்த மொழியிலேயே முடித்தால் நல்லது.
* பொருளைத் தொட்டு எண்ணுங்கள். முடிவில் "மொத்தம் மூணு இட்லி" என்று சொல்லுங்கள்.
* நூறு வரை ஒப்பிக்க வைக்க அவசரம் வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று நன்றாகப் புரியட்டும்.
* கலந்து சொன்னால் திட்ட வேண்டாம். "ஆமா, மூணு" என்று சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும்.

இரண்டு வயசு தாண்டியும் குழந்தை ரெண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், வீட்டில் மொழிகள் அதிகம் என்று காரணம் சொல்லிக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். பல மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை.

அந்த பெங்களூரு வீட்டுக் குழந்தைக்கு ஒரு வசதியும் உண்டு. ஆறாவது படியில் அம்மாவும் அப்பாவும் சொல்லப்போவது ஒரே சொல்தான். தமிழிலும் கன்னடத்திலும் அது 'ஆறு'.