ரேடியோ ஸ்டேஷன் நடத்திய முதுகெலும்பு வைத்தியர்

யூடியூபில் முதுகைச் சொடக்கும் வீடியோக்களைப் பார்க்காதவர்கள் குறைவு. ஒருவர் குப்புறப் படுத்திருப்பார், இன்னொருவர் மேலே நின்று அழுத்துவார், 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு நிம்மதியாக ஒரு பெருமூச்சு. அந்த இன்னொருவர்தான் கைரோபிராக்டர். ஊரில் சுளுக்கு எடுக்கிற தாத்தாவுக்கு அமெரிக்காவில் பட்டமும் லைசென்சும் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி என்று வைத்துக்கொள்ளலாம். பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள பி.ஜே. பாமரைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயரில்தான் பாமர், ஆள் படு விவரம் :-)

கதை அவருடைய அப்பாவிடம் தொடங்குகிறது. டி.டி. பாமர் கனடாவில் பிறந்து அமெரிக்கா வந்தவர். பள்ளி வாத்தியார், தேனீ வளர்ப்பு, மளிகைக் கடை என்று கை வைக்காத தொழில் இல்லை. கடைசியில் காந்த வைத்தியம் என்ற பெயரில் ஐயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் உட்கார்ந்தார். 1895இல் அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகில் ஒரு எலும்பை அழுத்தினாராம், பல வருடமாகக் கேட்காத காது கேட்டுவிட்டதாம். கைரோபிராக்டிக்கின் பிறந்த நாளாக இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். காதுக்கான நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை, மண்டையோட்டுக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது என்பது பிளஸ் டூ பயாலஜி. ஆனாலும் 1897இல் பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது.

மகன் பி.ஜே.யின் பாதை ஒன்றும் பூப்பாதை இல்லை. அப்பா வாரால் அடித்ததைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். பள்ளிப் படிப்பும் முடியவில்லை. ஊர் ஊராக மனோவசியக் காட்சி நடத்திய ஒருவரிடம் கொஞ்ச காலம் உதவியாளராக இருந்தார். மேடையில் நிற்கும் ஆளைக் கூட்டம் எப்படி நம்புகிறது என்பதை அங்கேதான் கற்றிருக்க வேண்டும். 1902இல் அப்பாவின் பள்ளியில் பட்டம். 1906இல் லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்ததாக அப்பாவுக்குத் தண்டனை. அபராதம் கட்ட மாட்டேன் என்று சிறைக்குப் போன மனிதர், சில வாரத்தில் கட்டிவிட்டு வெளியே வந்தார். அதற்குள் பள்ளி மகன் கைக்குப் போய்விட்டது. அதன் பிறகு இருவருக்கும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பி.ஜே.யின் மனைவி மேபல். சிகாகோவில் உடற்கூறியல் படித்து வந்து, பள்ளியில் அதையே பல வருடம் நடத்தி, பாடப்புத்தகமும் எழுதினார். அந்தப் பள்ளியில் 'பாடம்' என்று சொல்லத்தக்க விஷயத்துக்கு அவர் ஒரு முக்கியக் காரணம். ஆனால் போஸ்டரில் இருந்த முகம் கணவருடையது.

இனி பி.ஜே.யின் 'வேலைக்கு வெளியே'. 1922இல் டபிள்யூ.ஓ.சி. என்ற வானொலி நிலையத்தை வாங்கிப் பள்ளிக் கட்டடத்தின் உச்சியில் வைத்தார். அந்த மூன்று எழுத்தும் பழைய உரிமையாளருக்கு அரசாங்கம் தற்செயலாகக் கொடுத்தவை. பி.ஜே. அதற்கு 'கைரோபிராக்டிக்கின் அதிசயங்கள்' என்று ஆங்கிலத்தில் விரிவாக்கம் கொடுத்துவிட்டார்! ஓசியில் வந்த விளம்பரம் என்றால் இதுதான். 1932இல் அங்கே வேலை கேட்டு வந்த ஒரு இளைஞருக்குக் கால்பந்து வர்ணனை செய்யும் வாய்ப்பு கிடைத்தது. பெயர் ரொனால்ட் ரீகன். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவரேதான்.

வானொலியோடு நிற்கவில்லை. உலகம் சுற்றிக் கொண்டுவந்த சிலைகளையும் கலைப்பொருட்களையும் வைத்து ஒரு தோட்டம் போட்டு, ஊர் மக்கள் வந்து பார்க்கத் திறந்துவிட்டார். பள்ளிச் சுவரெல்லாம் பொன்மொழி. சர்க்கஸ் என்றால் உயிர். பெரிய சர்க்கஸ் கம்பெனி ஒன்று அந்தக் காலத்தில் குளிர்காலங்களில் தங்கிய ஃப்ளோரிடாவின் சாரசோட்டாவில்தான் தன் குளிர்காலங்களைக் கழித்தார். 1961இல் இறந்ததும் அங்கேதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு 'என்ன ரசனையான மனிதர், தொழிலுக்கு வெளியே இவ்வளவு ஆர்வமா' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சும்மா. அந்த மனிதருக்கு வெளியே என்று ஒன்று கிடையாது. வானொலியும் தோட்டமும் உலகப் பயணமும் எல்லாம் ஒரே கடையின் ஷோகேஸ். காமர்ஸ் மாணவர்களுக்கு விளம்பரம், பிராண்டிங் என்று யார் யாருடைய கதையையோ பாடமாக வைக்கிறார்கள், இவரை வைக்கலாம். பாடத்தின் அடுத்த அத்தியாயத்தையும் சேர்த்து வைக்க வேண்டும்.

அந்த அத்தியாயம் 1924. நியூரோகலோமீட்டர் என்று ஒரு கருவி. முதுகுத்தண்டின் இரு பக்கமும் வைத்து இழுத்தால் வெப்ப வித்தியாசத்தைக் காட்டும், கோளாறு எந்த எலும்பில் என்று சொல்லிவிடும் என்றார். பழைய மாணவர்கள் கூடும் ஆண்டு விழாவில் அறிவித்தார். விற்க மாட்டாராம், வாடகைக்கு மட்டும்தானாம், அதுவும் பெரிய தொகைக்கு. அது இல்லாமல் செய்வது சரியான வைத்தியமே இல்லை என்றும் சொன்னார். அதுவரை அவர் பேச்சைக் கேட்டு ஊருக்கு ஊர் சிறைக்குக்கூடப் போன ஆட்கள் முதல்முறையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கூட்டம் கலைந்தது. அவருடைய ஆசிரியர்களே வெளியேறி 1926இல் இண்டியானாபோலிஸில் லிங்கன் கல்லூரியைத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கில் இருந்த மாணவர் எண்ணிக்கை சரிந்தது. நோயாளி காது கேட்டது என்று சொன்னபோது ஆதாரம் கேட்காதவர்கள், தங்கள் பர்ஸில் கை வைத்தபோது கேட்டார்கள். மனித சுபாவம்.

இன்றைக்கு அமெரிக்காவில் கைரோபிராக்டர் ஆவது விளையாட்டு இல்லை. கல்லூரியில் சில வருடம், பிறகு கைரோபிராக்டிக் கல்லூரியில் பொதுவாக நான்கு வருடம், தேசிய அளவில் பகுதி பகுதியாகத் தேர்வுகள், மாநில லைசென்ஸ். 1913இல் கன்சாஸில் முதல் சட்டம் வந்து, 1974இல் லூசியானாவோடு எல்லா மாநிலமும் அனுமதித்தன. தங்களை ஒழிக்க அமெரிக்க மருத்துவச் சங்கம் சதி செய்தது என்று 1976இல் சில கைரோபிராக்டர்கள் வழக்குப் போட்டு, 1987இல் ஜெயித்தார்கள். முதுகுவலிக்கு இந்தச் சிகிச்சை ஓரளவு உதவும் என்பதை அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டியே ஏற்றுக்கொண்டு, மருந்தில்லாத வழிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

அதோடு நின்றிருந்தால் சண்டையே இல்லை. காது, ஆஸ்துமா, கைக்குழந்தையின் அழுகை என்று எல்லாவற்றுக்கும் முதுகெலும்பைக் கைகாட்டும் போர்டுகள் இன்னும் தொங்குகின்றன. கழுத்தை வேகமாகத் திருப்புவதில் அரிதாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம் என்ற எச்சரிக்கை அந்த போர்டில் இருக்காது. கடன் வாங்கி இத்தனை வருடம் படித்துவிட்டு வெளியே வரும் இருபத்தைந்து வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ, மாதத் தவணை கழுத்தை நெரிக்கும்போது, முதுகுவலிக்காரர்கள் மட்டும் போதும் என்று சொல்வது கஷ்டம்தான். ஆனால் அதைச் சொல்கிறவர்களும் அதே தொழிலில் இருக்கிறார்கள். வலி குறையாவிட்டால் டாக்டரிடம் போங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு வானொலி நிலையமும் இல்லை, யூடியூப் சேனலும் இல்லை.