ஃபிலிமில் விழாதது

மூளையில் கட்டியா, ரத்தக்கசிவா என்று பார்க்க ஸ்கேன் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணுக்கு மனச்சோர்வோ மனச்சிதைவோ இருக்கிறது என்று உறுதிசெய்யும் ஸ்கேன் இன்றுவரை இல்லை. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடும் அவற்றை அறிகுறிகளைக் கொண்டே கண்டறியச் சொல்கிறது. அப்படியிருக்க, ஸ்கேன் சுத்தமாக வந்தால் ‘நடிக்கிறாள்’ என்பதும், ஏதோ நிழல் தெரிந்தால் ‘மூளைக்கோளாறு, இவள் கையெழுத்து செல்லாது’ என்பதும் எந்த அறிவியல்?

1870களில் பாரிஸின் சால்பெட்ரியே மருத்துவமனையில், ஷார்கோவின் கண்காணிப்பில், ‘ஹிஸ்டீரியா’ பெண்களைப் புகைப்படமெடுத்து அதையே நோய்க்குச் சாட்சியாக்கினார்கள். கருவி மாறிவிட்டது, பெண் சொல்வதைவிடப் படத்தை நம்பும் புத்தி மாறவில்லை. அவள் ஏன் தூங்கவில்லை, வீட்டில் யாருக்குப் பயப்படுகிறாள் என்பது எந்த ஃபிலிமிலும் விழாது. அவளிடம்தான் கேட்க வேண்டும். கேட்டதை நம்பவும் வேண்டும்.